பாதி எடை

கொரட்டூர்
10.3.1996

அன்பு மகள் கருமாரிக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளை ஆனந்தனும் ஜபல்பூரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன கடிதத்தில் காலையில் எழுந்தால் குமட்டுகிறது என்று எழுதியிருந்தாய். நான் நினைக்கிற விஷயம்தானா என்று வாய்விட்டுக் கேட்கப் பயமாக இருக்கிறது. எட்டு வருடம் பொறுத்தவளுக்கு இன்னும் ஒரு மாதம் பொறுக்க முடியாதா? டாக்டரிடம் காட்டிவிட்டு நீயே எழுது.

இன்னொரு செய்தி. இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இந்தத் தாளை எடுப்பதும் மடித்து வைப்பதுமாக இருந்தேன். உன் அப்பா இப்போது நம் வீட்டில் இருக்கிறார்.

நான் கூப்பிடவில்லை. வேலப்பன்சாவடி லாரி ஷெட்டில் படுத்திருந்தவருக்குத் திடீரென்று பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அங்கே அனுப்பிவிட்டார்களாம். பூந்தமல்லியில் அவர் யாரோடு இருந்தாரோ அந்த அம்மாள் போன வருடமே தவறிவிட்டாளாம். அவளுடைய பிள்ளைகள் கதவைத் திறக்கவில்லை. அதனால் ஷெட்டில் மேஸ்திரியாக இருக்கும் தேவராஜ் அவரை ஒரு வேனில் போட்டு இங்கே கொண்டுவந்துவிட்டார்.

நான் பால்வாடி வேலை முடிந்து வரும்போது வேன் வாசலில் நிற்கிறது. பக்கத்து வீட்டு ஜெகதாம்பாள், "இன்னா கன்னிமா, இப்டியே பாத்துகினு நிக்கிற? உள்ள வெய்யில்ல வெந்துகினு கீறாரு அந்த ஆளு" என்றாள். கதவைத் திறந்தேன். அவ்வளவுதான் நடந்தது.

எழுந்து நடக்கிற வரைக்கும்தான். அதை அவரிடமும் சொல்லிவிட்டேன். உன் மாமியார் காதுக்கு இது போக வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் உடனே எழுது.

உன் அம்மா,
கன்னியம்மா


ஜபல்பூர்
2.4.1996

அன்புள்ள அம்மாவுக்கு,

கருமாரி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் எழுது, உன் மாப்பிள்ளை கேன்டீனில் வாங்கி வருவார்.

நீ நினைத்த விஷயம்தான் அம்மா. மூன்றாவது மாதம். டாக்டரம்மா மாடிப்படி ஏறாதே, குடம் தூக்காதே என்று சொல்லியிருக்கிறார். அவர் என்னைக் குடிக்கிற தண்ணீரைக்கூட எடுக்க விடுவதில்லை. ஆவடியிலிருந்து இங்கே மாற்றலாகி வந்த பிறகு இந்த மனிதர் இவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். என்னைப் பற்றி நாலு வரி, மீதியெல்லாம் அங்கே வந்து படுத்திருப்பவரைப் பற்றி. எனக்குப் பதினோரு வயதில் போனவர். என் கல்யாணத்துக்கு வந்து கடைசிப் பந்தியில் உட்கார்ந்து, பாயசம் இன்னொரு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போனவர். அவர் வேனில் வெந்தால் உனக்கு என்ன?

பிரசவத்துக்கு உன்னிடம்தான் வர வேண்டும் என்று எனக்கும் ஆசை. ஆனால் அவர் அங்கே இருக்கும்வரை நான் அந்த வாசல்படியை மிதிக்க மாட்டேன். கோபத்தில் எழுதவில்லை. யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ராத்திரியில் சரியாகச் சாப்பிடு. வெறும் டீயைக் குடித்துவிட்டுப் படுக்காதே.

கருமாரி


கொரட்டூர்
21.4.1996

என் கண்ணான மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. திருவேற்காட்டுக்குப் போய் விளக்கு ஏற்றிவிட்டு வந்தேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை. ஜெகதாம்பாளிடம் மட்டும் சொன்னேன், அவள் தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

நீ எழுதியதில் தப்பில்லை. ஆவணியில் வளைகாப்பு வைத்தால், அதற்குள் அவர் நடந்து வெளியே போக வேண்டும். அதற்குத்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன். வேலப்பன்சாவடி பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்டவர்களை மெஷினில் நடக்க வைக்கிறார்கள் என்று தேவராஜ் கண்டுபிடித்துச் சொன்னார். ஷெட்டு வேன் காலையில் இந்தப் பக்கம் வருகிறது. அதில் ஏற்றிக்கொண்டு போகிறேன். பால்வாடியில் அந்த நாட்களில் ஆயாம்மா எல்லம்மா பார்த்துக்கொள்கிறாள்.

அந்த மெஷினை நீ பார்க்க வேண்டும். கீழே ரப்பர் பட்டை ஒன்று மோட்டாரில் மெதுவாக ஓடுகிறது. மேலே இரும்புச் சட்டம், அதில் கப்பி, சங்கிலி. தொடையிலும் மார்பிலும் வார் போட்டுக் கட்டி ஆளைச் சங்கிலியில் மாட்டிவிடுகிறார்கள். உடம்பின் எடையில் பாதியைச் சங்கிலி தாங்கிக்கொள்ளுமாம், மீதிப் பாதியைத்தான் கால் சுமக்க வேண்டும். நஜ்மா என்று பூந்தமல்லிப் பெண் ஒருத்தி, உன்னைவிடச் சின்னவள், குட்டை முக்காலியில் உட்கார்ந்து அவருடைய இடது காலைக் கையால் தூக்கித் தூக்கி வைக்கிறாள். "குதிகால் மொதல்ல அய்யா, குதிகால் மொதல்ல" என்று அவள் சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

முதல் நாள் அவர் கத்திவிட்டார். "தரை ஓடிகினே கீது, நிறுத்து. நான் எங்க நடக்கிறேன், அதுதான் என்ன நடத்திகினு கீது" என்றார். அந்தப் பெண் கோபப்படவே இல்லை. "அதுவே நடத்தட்டும் அய்யா. கொஞ்ச நாள் போனா காலுக்கே ஞாபகம் வந்துரும்" என்றாள்.

வீட்டுக்கு வந்து குளிப்பாட்டி, சோறு ஊட்டி, துணியைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு உட்காரும்போது என் கால் எனக்கு ஞாபகமில்லை.

பச்சைக் காய்கறி சாப்பிடு. பாரம் தூக்காதே. மாப்பிள்ளைக்கு என் அன்பு.

அம்மா


கொரட்டூர்
27.5.1996

அன்பு மகளுக்கு,

நலம். நலம் அறிய ஆவல் என்று எழுதுவது வழக்கத்துக்கு இல்லை, உண்மையாகவே. போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. மசக்கைச் சோர்வு என்று நினைத்துக்கொள்கிறேன். நீ என் வயிற்றில் இருந்தபோது நானும் தலையைத் தூக்காமல்தான் கிடந்தேன்.

இங்கே வெயில் தாங்கவில்லை. ஏரியில் பாதி தரை தெரிகிறது. எனக்கு இடுப்பில் பட்டை போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

உன் அப்பா மெஷினில் நன்றாகவே நடக்கிறார். இப்போது சங்கிலியை நிறையத் தளர்த்திவிட்டார்கள். நஜ்மா காலைத் தொடுவதில்லை, பக்கத்தில் நிற்பதோடு சரி. ஆனால் வீட்டுக்கு வந்தால் கட்டில்தான். பிடித்து நடக்கிற வாக்கரைக் கையில் கொடுத்தாலும் தொடுவதில்லை. கொல்லைக்குப் போவதற்குக்கூட என் தோள் வேண்டியிருக்கிறது. நஜ்மாவிடம் சொன்னேன். அவள் என்னைத் தனியாக அழைத்துப்போய், "அவரால முடியும்மா. ஊட்ல ஏன் நடக்கலன்னு நீங்கதான் கேக்கணும்" என்றாள்.

அன்றைக்கே கேட்டேன். "இன்னாயா, அங்க நடக்கிற காலு இங்க வந்தா இன்னா ஆவுது? ஆவணில பொண்ணு புள்ளப்பேறுக்கு வருது. அதுக்குள்ள நட்ந்து உன் வழியப் பாரு."

கூரையைப் பார்த்துக்கொண்டே, "நட்ந்தா எங்க போறது நானு?" என்றார்.

அடுப்பில் உலை வைத்திருந்தேன், போய்விட்டேன்.

இதையெல்லாம் உனக்கு எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. வேறு யாரிடம் சொல்வது? அசைவு தெரிகிறதா? நாலு வரி எழுது.

அம்மா


ஜபல்பூர்
14.6.1996

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். அவருக்கு வேலை அதிகம். நேற்றுதான் முதல் மழை பெய்தது.

லேகியம் அது இதென்று எதையும் கிண்டி அனுப்பாதே. வழியில் கெட்டுப்போய்விடும். வளைகாப்பு நாளெல்லாம் இப்போது பார்க்க வேண்டாம். நான் எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அவரை அவசரப்படுத்தாதே அம்மா. மெதுவாக நடக்கட்டும். எனக்காக ஓட வேண்டாம். நீ இடுப்புப் பட்டையைக் கழற்றாமல் போட்டுக்கொள்.

இன்னும் எழுத உட்கார முடியவில்லை.

கருமாரி


கொரட்டூர்
5.7.1996

என் தங்க மகளுக்கு,

ஆயுசோடு இரு. உன் கடிதம் சின்னதுதான், ஆனால் என் நெஞ்சில் இருந்த கல்லை எடுத்துப்போட்டுவிட்டது. அவரை அவசரப்படுத்தாதே என்று எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு வரியை எத்தனை தரம் படித்தேன் என்று எனக்கே தெரியாது. வயிற்றில் பிள்ளை வந்தால் மனசு இளகும் என்பது சரிதான்.

அவரிடம் படித்துக் காட்டினேன். "அதுவா அப்டி எழுதிச்சி?" என்றார். தாளை வாங்கி உன் கையெழுத்தைப் பார்த்தார். மறுநாள் மெஷினில் நஜ்மா நிறுத்தச் சொன்ன பிறகும் நிறுத்தாமல் நடந்தார். வீட்டில் மட்டும் இன்னும் கட்டில்தான். போகட்டும்.

அதனால் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அவர் உள் அறையில் இருக்கட்டும், நீ கூடத்தில் இரு. நடுவில் ஒரு திரை போட்டுவிடுகிறேன். நீ பேச வேண்டாம், பார்க்கவும் வேண்டாம். நஜ்மாவின் அத்தை லத்தீஃபா பூந்தமல்லி பஜாரில் வளையல் கடை வைத்திருக்கிறார். உன் கை அளவுக்குக் கண்ணாடி வளையல் பச்சையும் சிவப்புமாக எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை உன்னைக் கொண்டுவந்து விடட்டும். ரயிலில் கீழ் பெர்த்தாகப் பார்த்துப் போடச் சொல்.

எனக்குக் களைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இது வேறு களைப்பு.

என்றைக்குக் கிளம்புகிறாய் என்று மட்டும் எழுது.

அம்மா


ஜபல்பூர்
22.7.1996

அம்மாவுக்கு,

நீ வளையல் எடுத்து வைத்திருக்கிறாய். இனியும் எழுதாமல் இருக்க முடியாது.

குழந்தை இல்லை அம்மா. மே மாதத்திலேயே போய்விட்டது. ஐந்தாவது மாதம். காலையிலிருந்து இடுப்பு வலித்தது, வெயிலால் என்று நினைத்துப் படுத்திருந்தேன். அவர் வேலையிலிருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆண் குழந்தை என்று நர்ஸ் சொன்னாள். அதை என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒரு நாள் உன் கடிதம் வந்தது, அசைவு தெரிகிறதா என்று கேட்டிருந்தாய்.

குழந்தை போன அன்றைக்கே அவர் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் ஜெகதாம்பாள் அக்காள் வீட்டுக்குப் போன் செய்யக் கிளம்பினார். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். அம்மா அங்கே ஒரு ஆளைத் தூக்கிச் சுமந்துகொண்டிருக்கிறாள், அவரை யாரிடம் விட்டுவிட்டு வருவாள் என்று சொன்னேன். அவரும் சரி என்று விட்டுவிட்டார்.

ஆனால் அது முழுக் காரணம் இல்லை. போன் போட்டு, நீ வர முடியாது என்று சொல்லிவிட்டால்? உன்னை அப்படி ஒரு இடத்தில் நிறுத்திப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. நானா, நீ சுமக்கிற அந்த ஆளா, இரண்டு பேரில் நீ யாரிடம் இருப்பாய் என்று தெரிந்துகொள்ளப் பயமாக இருந்தது.

என் மனசு இளகவில்லை. அவசரம் வேண்டாம் என்று எழுதியது, அவசரத்துக்கு இனிமேல் ஒன்றும் இல்லை என்பதால்.

உடம்பு தேறிவிட்டது. சமைக்கிறேன், துணி துவைக்கிறேன். நீ அழாதே.

கருமாரி


கொரட்டூர்
3.8.1996

மகளே,

உன் கடிதத்தைப் பால்வாடியில் வைத்துத்தான் தபால்காரர் கொடுத்தார். பிள்ளைகளுக்கு மாவு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். மாவுக் கையோடு படித்தேன். படித்துவிட்டு மீதி உருண்டையையும் பிடித்துக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். அவர் இரண்டு தரம் என்னவென்று கேட்டார், சொல்லவில்லை. மூன்றாம் தரம் கேட்டபோது சொன்னேன்.

அவர் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மூலையில் சும்மா கிடந்த வாக்கரை இழுத்துக்கொண்டு, என்னைத் தாண்டி, சமையல்கட்டைத் தாண்டி, கொல்லைக் குழாய் வரைக்கும் நடந்தார். நான் பின்னால் போகவில்லை. அங்கே வெகுநேரம் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. முகமெல்லாம் ஈரமாகத் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"பாத்தியா? நான் நட்ந்துக்குவேன். நீ போமே" என்றார்.

"சோத்துக்கு இன்னா பண்ணுவ?"

"ஜெகதாம்பா குடுக்கும். தேவராஜி வேன்ல ஏத்திகினு போவான். நீ போ, பொண்ணாண்ட போ."

இத்தனை நாள் முடியும் என்று தெரிந்தேதான் என் தோளில் சாய்ந்தாரா என்று கேட்டிருக்கலாம். கேட்கத் தெம்பில்லை.

நீ பயந்ததைப் பற்றி ராப்பகலாக யோசித்துவிட்டேன். மே மாதத்தில் போன் வந்திருந்தால் உடனே ஓடி வந்திருப்பேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் உன்னிடம் பொய் எழுத மாட்டேன். அவரை யாரிடம் விடுவது என்று நாலு இடம் அலைந்துவிட்டுத் தாமதமாக வந்திருப்பேன். வராமல் மட்டும் இருந்திருக்க மாட்டேன். நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும் அதுதான் நிஜம்.

சூப்பர்வைசரம்மாவிடம் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். பதினாலாம் தேதி புதன்கிழமை வண்டி. இட்டார்சியில் மாற வேண்டுமாம். மாப்பிள்ளையை ஸ்டேஷனுக்கு வரச் சொல். எனக்கு இந்தி தெரியாது.

நான் வரும்வரை ஒன்றும் துவைக்காதே.

அம்மா


கொரட்டூர்
10.9.1996

கன்னியம்மாவுக்கு வேம்புலி எழுதுறது.

நான் நல்லா கீறேன். நீயும் பொண்ணும் மாப்பிள்ளையும் நல்லா இருக்கணும். எனக்கு எழுத்து அவ்வளவா வராது, உனக்கே தெரியும். தப்பு இருந்தா சேத்துப் படிச்சிக்கோ.

மெஷின்ல இப்ப சங்கிலி மாட்டுறது இல்ல. கம்பியப் புடிச்சிகினு என் காலாலயே நடக்கிறேன். முந்தாநாள் நஜ்மா பொண்ணு மெஷின நிறுத்திட்டு வராண்டால வுட்டுச்சி. ஓடாத தரையில நடக்கறதுதான் கஷ்டமா கீது. இடது கை இன்னும் ஒதவல. ஊட்ல ஊனுகோல் வெச்சிகினு வாசல் வரைக்கும் போறேன். ஜெகதாம்பா சோறு குடுக்குது. திட்டிகினேதான் குடுக்குது.

ஷெட்டாண்ட வாட்ச்மேன் ரூம் காலியா கீதுன்னு தேவராஜி சொன்னான். கேட் தொறந்து மூடுற வேலதான். வெள்ளிக்கிழம நான் அங்க போயிடறேன். சாவி ஜெகதாம்பா கைல குடுத்துடறேன். நீ பொண்ண இட்டுகினு வா. கொஞ்ச நாள் இங்க இருந்தா அதுக்கு மனசு ஆறும்.

அன்னிக்கு நான் எழுந்து நட்ந்தது உங்கிட்ட காட்றதுக்கு இல்ல. குழந்த போச்சுன்னு நீ சொன்னதும் எனக்கு அழுகை வந்திடிச்சி. உன் எதிர்ல அழுவ எனக்கு யோக்கியதை இல்ல. அதான் கொல்லைக்குப் போனேன்.

பொண்ணு கிட்ட இதப் படிச்சிக் காட்டணும்னு இல்ல.

வேம்புலி


ஜபல்பூர்
24.9.1996

வேம்புலி அவர்களுக்கு, மேஸ்திரி தேவராஜ் மூலமாக,

கன்னியம்மா எழுதுவது. இங்கே கருமாரி இப்போது பரவாயில்லை. சாப்பிடுகிறாள். உங்கள் கடிதம் நேற்று வந்தது. இந்நேரம் ஷெட்டுக்குப் போயிருப்பீர்கள் என்பதால் அந்த முகவரிக்கே எழுதுகிறேன்.

போனது நல்லதா கெட்டதா என்று சொல்ல எனக்கு இப்போது தெரியவில்லை. போங்கள் என்று சொன்னவளும் நான்தான். இருங்கள் என்று சொல்ல மனசில் ஒன்றும் ஊறவில்லை. கோபமும் இல்லை. உடம்பெல்லாம் அசதியாக இருக்கிறது, அவ்வளவுதான். இங்கே மத்தியானத்தில் படுத்தால் விளக்கு வைக்கிற நேரம்வரை தூங்குகிறேன். கருமாரி என் பக்கத்தில் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள். இரண்டு பேரும் பேசிக்கொள்வது குறைவு. தீபாவளி முடியும்வரை நான் இங்கேதான் இருப்பேன். பிறகு அவள் என்னோடு வருவாளா என்று நான் கேட்கவில்லை.

மாத்திரையை நிறுத்த வேண்டாம். சூப்பர்வைசரம்மா விசாரித்தால், தீபாவளிக்குப் பிறகு வருவதாக நான் எழுதியிருப்பதை ஜெகதாம்பாள் சொல்லிவிடட்டும்.

அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டியதில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் கடிதம் வந்ததும் யார் எழுதியது என்று அவளே கேட்டாள். முழுவதையும் படித்துக் காட்டினேன். எழுந்து மாடிக்குத் துணி எடுக்கப் போய்விட்டாள். துணியெல்லாம் மடித்து அடுக்கிய பிறகு என்னிடம் வந்து, "அந்த வாட்ச்மேன் ரூமுக்குப் படி இருக்கா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது என்றேன்.

"எழுதிக் கேளு" என்றாள்.

அதனால்தான் இந்தக் கடிதம். படி இருந்தால், பிடித்து ஏறப் பக்கத்தில் கம்பி இருக்கிறதா என்றும் எழுதுங்கள். பதிலை அவள் பெயருக்கே போடலாம்.

கன்னியம்மா